பேரிங் பேசுகிறது... கேட்கிறதா?

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? பானையை ஒரு கையில் தூக்கிப் பிடிப்பார். மறுகை விரலை மடக்கி 'டங்' என்று ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று சத்தம் வந்தால் பானை நல்ல பானை. 'டொப்' என்று அமுங்கிய சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே அடுத்த பானைக்குப் போய்விடுவார். தேங்காய் வாங்குகிறவரும் இப்படித்தான். உடைத்துப் பார்க்காமலே உள்ளே இருப்பதைக் காதால் 'பார்த்து' விடுகிறார்!

பானைக்கும் தேங்காய்க்கும் சரி. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றும் ரயில் சக்கரத்துக்குள் ஒரு கீறல் விழுந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடுகிற ரயிலைத் தட்டிப் பார்க்க முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம். அதுவும் ரயிலை நிறுத்தாமலே! அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சக்கரத்துக்குள் ஒரு குட்டி உலகம்

சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது எட்டிப் பாருங்கள். கருப்புக் கிரீஸுக்குள் பளபளவென்று குண்டுமணி போல எஃகு உருண்டைகள் இருக்கும். 'பால்ரஸ்' என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வது இதைத்தான். சக்கரம் அச்சோடு உராய்ந்து தேயாமல், இந்த உருண்டைகளின் மேல் உருண்டு போகிறது. கனமான பீரோவைத் தரையில் இழுப்பது கஷ்டம். அதன் அடியில் நாலு உருட்டுக் கட்டைகளை வைத்துவிட்டால் சின்னப் பையன்கூடத் தள்ளிவிடலாம். அதே தத்துவம்தான்!

மோட்டார், மின்விசிறி, பஸ், ரயில் என்று பலவற்றிலும் இந்த உருளும் பேரிங் உண்டு. ஒரு பேரிங்கில் நான்கு பாகங்கள் இருக்கும். வெளியே ஒரு வளையம். உள்ளே ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே உருண்டைகள் அல்லது உருளைகள். அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இடைவெளி விட்டு நிறுத்தி வைக்க ஒரு கூடு. வகுப்பில் மாணவர்களை வரிசையாக உட்கார வைக்கும் பெஞ்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ரயில் பெட்டிக்கு 4 அச்சுகள், 8 சக்கரங்கள். ஒவ்வொரு அச்சின் இரண்டு முனைகளிலும் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதற்கு 'ஆக்சில் பாக்ஸ்' என்று பெயர். பேரிங் அதற்குள்தான் குடியிருக்கிறது. ஆக, ஒரு பெட்டிக்கு 8 ஆக்சில் பாக்ஸ்கள். சென்னை பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலை நெடுங்காலம் செய்துவந்த பழைய வகைப் பெட்டிகளில் பீப்பாய் வடிவ உருளைகள் இருக்கும். இப்போது ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டிகளில் ஒரு பக்கம் சிறுத்த, கூம்பு வடிவ உருளைகள் இருக்கின்றன.

இவை சுமக்கும் சுமையைக் கேட்டால் அசந்து போவீர்கள். நிலக்கரி ஏற்றும் சரக்குப் பெட்டி ஒன்று, சுமையோடு சேர்ந்து 90 டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதை 8 இடங்களில் பங்கு போட்டால், ஒவ்வோர் ஆக்சில் பாக்ஸின் தலையிலும் 10 டன்னுக்கு மேல்! இரண்டு பெரிய யானைகளைத் தலையில் சுமந்துகொண்டு ஓடுவதற்குச் சமம்.

ஓடுகிற ஓட்டமும் சாதாரணமல்ல. ரயில் பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு சுற்றுக்குச் சுமார் 2.87 மீட்டர் தூரம் போகும். ரயில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், சக்கரம் ஒரு விநாடிக்குச் சுமார் 10 தடவை சுற்றும். மதுரையிலிருந்து சென்னை எழும்பூர் போய்ச் சேர ஒவ்வொரு சக்கரமும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. பாவம், பேரிங்!

நோய் எப்படி வருகிறது?

ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. இருபதாவது தடவையோ முப்பதாவது தடவையோ 'டக்' என்று ஒடிந்துவிடும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு! பேரிங் வளையத்தின் ஒரே இடத்தை உருளைகள் கோடிக்கணக்கான தடவை அழுத்திப் போகும்போது, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பிறக்கிறது. அது மெல்ல மெல்ல மேலே வருகிறது. ஒரு நாள் எஃகில் ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம்.

கிரீஸ் வற்றிப்போனாலும், அதில் தண்ணீரோ மண்ணோ கலந்தாலும், மாட்டும்போது கோணலாக மாட்டினாலும் இந்த நோய் சீக்கிரம் வரும்.

பள்ளம் விழுந்ததும் ஒவ்வோர் உருளையும் அதில் இடறுகிறது. இடறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பள்ளம் பெரிதாகிறது. உராய்வு கூடுகிறது. கடைசிக் கட்டத்தில் சூடு ஏறுகிறது. சூடு மிகவும் ஏறினால் அச்சின் முனையே இளகி ஒடிந்துவிடலாம். அப்புறம் ரயில் தடம் புரளத்தான் செய்யும்.

இந்த வரிசையை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தம். கடைசியில் சூடு.

ஸ்குரூ டிரைவர் ஸ்டெதாஸ்கோப்!

சோழவந்தான் என்றதும் வெற்றிலைதானே ஞாபகத்துக்கு வரும்? 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் கொரகொரவென்று சத்தம் போட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வந்ததும் என்ன செய்வார் தெரியுமா? நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியை ஓடும் மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் வைப்பார். கைப்பிடியைத் தன் காதோடு அழுத்திக்கொள்வார். கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்பார். "பின்பக்க பேரிங் போயிருச்சுண்ணே. மாத்திரணும்" என்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பது போலத்தான்! ஸ்குரூ டிரைவரின் இரும்புத் தண்டு அதிர்வை நேராகக் காதுக்குக் கொண்டு வந்துவிடுகிறது.

ரயில்வேயிலும் இப்படிப் பழக்கப்பட்ட காதுகளும் கண்களும் கைகளும் நெடுங்காலமாக வேலை செய்து வருகின்றன. ரயில் ஸ்டேஷனுக்குள் மெதுவாக நுழையும்போதே, வண்டிப் பரிசோதகர்கள் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு சக்கரத்தின் சத்தத்தையும் ஓட்டத்தையும் கவனிப்பார்கள். வண்டி நின்றதும் ஆக்சில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பது பழைய வழக்கம். இப்போது தொடாமலே வெப்பம் பார்க்கும் கருவி வந்துவிட்டது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராக நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, அதே இனம்தான்.

நிற்காத ரயில் ஒன்று சோழவந்தான் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஸ்டேஷன் ஊழியர்கள் பச்சைக் கொடியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெயில்வே கேட்டிலும் கேட் கீப்பர் வெளியே வந்து நிற்பார். டிரைவருக்கு வணக்கம் சொல்வதற்காக அவர்கள் நிற்கவில்லை! கடந்து போகும் வண்டியில் எங்காவது புகை வருகிறதா, நெருப்புப் பொறி பறக்கிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று கண்காணிப்பது அவர்களின் கடமை. தப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும்.

கட்டுரையும் ஒரு மார்க் கேள்வியும்

சரி, இத்தனை பேர் கவனிக்கிறார்களே, அப்புறம் எதற்குக் கருவி?

ஆசிரியர் வேலையில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே கட்டுரையை இரண்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தால் ஒருவர் 7 மதிப்பெண் போடுவார், இன்னொருவர் 5 போடுவார். இருவருமே நேர்மையானவர்கள்தான். ஆனால் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' என்ற ஒரு மார்க் கேள்வியை யார் திருத்தினாலும், எப்போது திருத்தினாலும் ஒரே மதிப்பெண்தான் வரும். அதில் திருத்துபவரின் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை.

காதால் கேட்டுச் சொல்லும் சோதனை கட்டுரை மாதிரி. கருவியின் சோதனை ஒரு மார்க் கேள்வி மாதிரி. காலையில் கூர்மையாக இருக்கும் காது மாலையில் களைத்துப் போகும். வயது ஏற ஏற மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்காமல் போகும். 'இந்த பேரிங் கொஞ்சம் கரகரக்கிறது' என்று ஒருவர் சொல்வார். 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்பார் அடுத்தவர். யார் சொல்வதை நம்புவது? அதனால்தான் ஆளுக்கு ஆள் மாறாத, எண்களால் பதில் சொல்லும் சோதனை தேவைப்பட்டது.

பேரிங் தொழிற்சாலைகளில் இந்தச் சோதனை நடப்பதைப் பார்க்கலாம். புதுப் பால் பேரிங்கின் உள் வளையத்தை நிமிடத்துக்கு 1,800 சுற்று வேகத்தில் சுழல விடுவார்கள். வெளி வளையம் அசையாமல் இருக்கும். அதன் மேல் ஓர் உணர்கருவி மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். அது பிடித்த அதிர்வைக் கருவி மூன்று பங்காகப் பிரிக்கிறது. கோயில் திருவிழாவில் தவில், நாதஸ்வரம், தாளம் மூன்றையும் தனித்தனியாகக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி!

விநாடிக்கு 50 முதல் 300 வரையிலான அதிர்வுகள் முதல் பங்கு. அது அதிகமாக இருந்தால் வளையம் சரியான வட்டமாக இல்லை என்று அர்த்தம். 300 முதல் 1,800 வரை இரண்டாம் பங்கு. அது அதிகமானால் ஓடுபாதையில் மேடு பள்ள அலைகள் இருக்கின்றன. 1,800 முதல் 10,000 வரை மூன்றாம் பங்கு. அது கூடினால் நுண்ணிய கீறலோ, கிரீஸில் தூசியோ இருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் 'பாஸ்'. தாண்டினால் 'பெயில்'. சிபாரிசு செல்லாது!

எண்ணிப் பார்த்தால் இடம் தெரியும்

இனிமேல்தான் சுவாரசியமே. நோய் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதுமா? எந்த இடத்தில் என்றும் கருவி சொல்லிவிடும். எப்படி? வெறும் எண்ணிக்கைதான்!

முதலில் ஒரு சின்னச் சோதனை. மேஜையில் உருண்டையான இரண்டு பென்சில்களைப் படுக்க வையுங்கள். அவற்றின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து மெதுவாக 10 செ.மீ. தள்ளுங்கள். பென்சில்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தன என்று அளந்து பாருங்கள். 5 செ.மீ.தான்! மேலே உள்ள பொருள் போகும் தூரத்தில் பாதிதான் நடுவில் உருள்பவை போகும்.

பேரிங்கிலும் இதுதான் நடக்கிறது. ரயிலில் உள் வளையம் அச்சோடு சேர்ந்து சுற்றுகிறது. வெளி வளையம் சும்மா இருக்கிறது. நடுவில் உள்ள உருளைகளின் வரிசை மெதுவாக உருண்டு வருகிறது. வளையமாக இருப்பதாலும் உள் வளையம் சிறியதாக இருப்பதாலும், சரிபாதியைவிடக் கொஞ்சம் குறைவு. உள் வளையம் 10 சுற்று சுற்றினால் உருளைகளின் வரிசை சுமார் 4 சுற்றுதான் வரும்.

கணக்குக்கு வசதியாக, ஒரு பேரிங்கில் ஒரு வரிசைக்கு 20 உருளைகள் என்று வைத்துக்கொள்வோம். ரயில் 100 கி.மீ. வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு 10 சுற்று.

வெளி வளையத்தில் ஒரு பள்ளம் இருந்தால் என்ன ஆகும்? அந்தப் பள்ளம் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. உருளைகளின் வரிசை விநாடிக்கு 4 தடவை அதைக் கடக்கிறது. ஒவ்வொரு தடவையும் 20 உருளைகள். 4 × 20 = 80. ஆக, விநாடிக்கு 80 'டிக்'.

பள்ளம் உள் வளையத்தில் இருந்தால்? உள் வளையம் 10 சுற்று போகிறது. உருளைகளும் அதே திசையில் 4 சுற்று வருகின்றன. வித்தியாசம் 6. எனவே 6 × 20 = 120. விநாடிக்கு 120 'டிக்'.

பார்த்தீர்களா? 80 என்றால் நோய் வெளி வளையத்தில். 120 என்றால் உள் வளையத்தில். உருளையிலோ கூட்டிலோ குறை இருந்தால் வேறு எண்கள் வரும். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் நாடித் துடிப்பை வைத்தே நோயைச் சொல்கிறார் அல்லவா? இதுவும் ஒரு நாடி ஜோதிடம்தான். ஆனால் பொய் சொல்லாத ஜோதிடம்!

'ரயில் போடும் தடதட சத்தத்தில் இந்தச் சின்ன டிக் எப்படிக் கேட்கும்?' என்று புத்திசாலி யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இரைச்சல் இருந்தாலும் கோயில் மணி 'ணங்' என்று தனியாகக் கேட்கும். காரணம், மணியின் ஓசை கூட்டத்தின் இரைச்சலைவிட மிகவும் உச்சமான சுருதியில் இருக்கிறது. உருளை பள்ளத்தில் இடறும்போதும் எஃகு வளையம் ஒரு குட்டி மணியைப் போல உச்ச சுருதியில் ஒலிக்கிறது. கருவி முதலில் 'தடதட' என்ற கீழ்ச்சுருதிச் சத்தங்களை எல்லாம் வடிகட்டித் தள்ளிவிடும். உச்ச சுருதியை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு, மணி எப்படி ஒலிக்கிறது என்று கவலைப்படாது. விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கப்படுகிறது என்று மட்டும் எண்ணும். அவ்வளவுதான் ரகசியம்!

தண்டவாளத்தின் ஓரத்தில் காதுகள்

இந்த ரகசியத்தை வைத்துத்தான் ரயில் பாதையின் இரு பக்கமும் மைக்குகளைப் பொருத்தும் முறை வந்தது. ஆஸ்திரேலியாவில் உருவான 'ரெயில்பாம்' என்ற கருவி இந்த வகையில் பிரபலமானது. ரயில் தன் முழு வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். சக்கரம் வருவதைத் தண்டவாளத்தில் உள்ள உணர்கருவி தெரிந்துகொண்டு மைக்குகளை எழுப்பிவிடும். வரிசையாக உள்ள மைக்குகள் ஒவ்வொரு சக்கரத்தின் பேச்சையும் பதிவு செய்யும். கம்ப்யூட்டர் டிக்குகளை எண்ணும். பெட்டியில் ஒட்டியிருக்கும் அடையாள வில்லையை இன்னொரு கருவி படித்துக்கொள்ளும். கடைசியில் 'இந்த எண்ணுள்ள பெட்டி, மூன்றாவது அச்சு, இடப் பக்கம், வெளி வளையம்' என்று அறிக்கை தயார்!

இந்திய ரயில்வேயும் 'ஆன்லைன் மானிட்டரிங் ஆஃப் ரோலிங் ஸ்டாக்' என்ற பெயரில் இப்படிப்பட்ட அமைப்புகளைச் சில இடங்களில் நிறுவியிருக்கிறது. சுருக்கமாக ஓ.எம்.ஆர்.எஸ். என்பார்கள். பேரிங்கின் சத்தத்தைக் கேட்பதோடு, சக்கரம் தண்டவாளத்தை இடிக்கும் விசையையும் இது அளக்கிறது. குறை தெரிந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புவார்கள். திருச்சி பொன்மலையில் உள்ளது போன்ற பெரிய பணிமனைகளில் பெட்டிகளும் சக்கரங்களும் பிரித்துப் பழுது பார்க்கப்படுகின்றன.

சத்தத்தைக் கேட்டால் நோய் முற்றுவதற்கு நெடுநாள் முன்பே தெரிந்துவிடும். அவசரமில்லாமல், வசதியான நாளில் பேரிங்கை மாற்றலாம். சூடு ஏறும் வரை காத்திருந்தால் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம். சில சமயம் சில நிமிடங்கள்தான்.

மூன்று எண்கள் சொன்ன பாடம்

இது வெறும் பேச்சல்ல என்பதற்கு ஒரு சம்பவம். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு நீண்ட சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு பெட்டியின் பேரிங் கெட்டுக்கொண்டிருந்தது. பாதையில் சூடு பார்க்கும் கருவிகள் இருந்தன. சுற்றியுள்ள காற்றைவிட பேரிங் எவ்வளவு அதிகச் சூடாக இருக்கிறது என்று அவை அளக்கும்.

முதல் கருவி காட்டியது சுமார் 21 டிகிரி செல்சியஸ். பரவாயில்லை. அடுத்த கருவி காட்டியது சுமார் 57 டிகிரி. கூடியிருக்கிறது, ஆனாலும் ரயிலை நிறுத்தச் சொல்லும் எல்லையைத் தொடவில்லை. ரயில் தொடர்ந்து ஓடியது. அதற்கு அடுத்த கருவி சுமார் 32 கி.மீ. தள்ளி, ஈஸ்ட் பாலஸ்டீன் என்ற ஊரில் இருந்தது. அது காட்டியது சுமார் 141 டிகிரி! எச்சரிக்கை அலறியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 38 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் சிலவற்றில் ஆபத்தான ரசாயனங்கள் இருந்தன. தீப்பிடித்தது. ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024-இல் தன் முடிவைச் சொன்னது. கருவி வெளியே இருந்து பார்த்த சூடு, பேரிங்கின் உள்ளே இருந்த உண்மையான சூட்டைக் காட்டவில்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாமல் போயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி தன் வேலையைச் செய்தது. ஆனால் எத்தனை டிகிரியில் எச்சரிக்க வேண்டும், கருவிகளை எத்தனை தூரத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும் என்பதை எல்லாம் முடிவு செய்வது யார்? மனிதர்கள்தான்! எல்லையை மிகவும் மேலே வைத்தால் நோயுள்ள பேரிங் தப்பித்துவிடும். விபத்து வரும். எல்லையை மிகவும் கீழே வைத்தால் நல்ல பேரிங்கையும் 'பெயில்' என்று சொல்லிவிடும். ரயில்கள் வீணாக நிற்கும். நல்ல பேரிங்குகள் குப்பைக்குப் போகும். நாலு தடவை வீணாக அலறிய கருவியை ஐந்தாவது தடவை யாரும் மதிக்க மாட்டார்கள். 'புலி வருது, புலி வருது' கதை தெரியும்தானே?

அதனால் கருவி சொல்வதைப் பணிமனையில் சரிபார்ப்பார்கள். கழற்றிய பேரிங்கைப் பிரித்து, சொன்ன இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் சரி. இல்லையென்றால் எல்லையைத் திருத்த வேண்டும். பிரித்துப் பார்த்து 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல அனுபவமுள்ள தொழிலாளி வேண்டும். ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்த மெக்கானிக்கின் அறிவு வீண்போகவில்லை. அந்த அறிவைத்தான் எண்ணாக மாற்றிக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு சைக்கிள், 30 செ.மீ. மர ஸ்கேல், கூட ஒரு பெரியவர்.

பெரியவரின் உதவியோடு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன்சக்கரத்தை அவர் மெதுவாகச் சுற்றிவிடட்டும். ஸ்கேலின் ஒரு முனையைச் சக்கரத்தைத் தாங்கும் கவைக் கம்பியில், அச்சின் நட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் மெல்ல அழுத்துங்கள். சாதாரணமாகக் கேட்காத 'சர்ர்ர்' சத்தம் இப்போது நன்றாகக் கேட்கும். சீராகக் கேட்டால் பால்ரஸ் நலம். நடுநடுவே 'கடக், கடக்' என்று இடறினால் கடைக்குக் கொண்டு போய்க் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சுற்றும் கம்பிகளுக்குள் விரலோ, தலைமுடியோ, சட்டைக் கையோ போகாமல் கவனம்! ஓடும் மோட்டாரில் இதைச் செய்யவே கூடாது. ரயில் பாதைப் பக்கமும் போகக் கூடாது.

துளித் துளித் தகவல்கள்

* 1794-ஆம் ஆண்டு பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சுக்கு உருண்டைகள் வைத்த பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்.

* எல்லா உருண்டைகளும் ஒரே அளவாக இருந்தால்தான் பேரிங் சீராக ஓடும். எஃகு உருண்டைகளைத் துல்லியமாக அரைக்கும் இயந்திரத்தை 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிரீட்ரிஷ் பிஷர் உருவாக்கினார்.

* கூம்பு உருளை பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஹென்றி டிம்கென். அவர் குதிரை வண்டி செய்பவர்!

* பழைய காலச் சரக்குப் பெட்டிகளில் உருளைகளே கிடையாது. அச்சு எண்ணெயில் வழுக்கிச் சுற்றும். 1979 நவம்பர் 10-ஆம் தேதி கனடாவின் மிஸிஸாகா நகரில் அப்படிப்பட்ட ஒரு பேரிங் எண்ணெய் இல்லாமல் சூடேறியதால் ரயில் தடம் புரண்டது. குளோரின் வாயு கசிந்ததால் 2 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நல்லவேளை, ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை ரயிலில் போகும்போது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். உங்கள் காலுக்குக் கீழே எட்டு பேரிங்குகள் பேசிக்கொண்டு வருகின்றன. ஸ்டேஷனில் பச்சைக் கொடியோடு நிற்பவரைப் பார்த்தால் கை அசையுங்கள். நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர அவருடைய கண்ணும் உழைக்கிறது. தண்டவாளத்தின் ஓரத்து மைக்கும் உழைக்கிறது.

உங்கள் மூளைக்கு வேலை!

1. 58 பெட்டிகள் கொண்ட ஒரு சரக்கு ரயிலில் எத்தனை ஆக்சில் பாக்ஸ்கள் இருக்கும்? (இன்ஜினை விட்டுவிடுங்கள்.)

2. ஒரு பேரிங்கில் 15 உருளைகள். அச்சு விநாடிக்கு 10 சுற்று சுற்றுகிறது. கருவி விநாடிக்கு 90 'டிக்' எண்ணுகிறது. பள்ளம் எந்த வளையத்தில்?

விடைகள்: 1) 58 × 8 = 464. இதில் ஒன்று கெட்டாலும் ஆபத்துதான்! 2) உள் வளையத்தில். (6 × 15 = 90. வெளி வளையமாக இருந்தால் 4 × 15 = 60 'டிக்' வந்திருக்கும்.)